காலியாக விடலாம்

வெள்ளூரணி நகராட்சியில் ஆவுடைத்தங்கத்துக்கு ஒன்பது வருடம் அநியாயம் நடந்தது. நடத்தியது யார் என்று கேட்டால் யாரும் ஓர் ஆளைக் காட்ட மாட்டார்கள், ஒரு கட்டத்தைத்தான் காட்டுவார்கள்: குடிநீர் இணைப்பு மனுவின் பதினான்காவது கட்டம், கணவர் பெயர், பக்கத்திலே ஒரு நட்சத்திரம். நட்சத்திரம் போட்ட கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது என்பது அந்த ஊரில் வெயில் சுடும் என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, எல்லாருக்கும் தெரிந்ததாலேயே யாரும் சோதித்துப் பார்க்காத சங்கதி. ஆவுடைத்தங்கத்துக்குக் கணவர் கிடையாது. இருந்து போனவர் இல்லை, ஓடிப்போனவர் இல்லை, ஆரம்பத்திலிருந்தே கிடையாது. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவ்வளவுதான். கிரைண்டர் வாங்கினாள், மாவுக்கடை போட்டாள், கீழத்தெருவிலும் மேலத்தெருவிலும் காலையில் அவிகிற இட்லியில் பாதி அவள் அரைத்த மாவு. ஊரே அவள் மாவைத் தின்றது, ஆனால் அவள் வீட்டுக்கு ஒரு குழாய் கொடுக்க ஊரின் ஆபீசுக்கு அவள் புருஷனின் பெயர் தேவைப்பட்டது.

ஒவ்வொரு வருடமும் ஆனி மாதம் அவள் மனு கொடுத்தாள். மூன்றாம் பிரிவு எழுத்தர் பரமானந்தம் அதை இரண்டு கையாலும் வாங்கி, பதினான்காவது கட்டத்துக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, ஆபீஸ் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, மனுவை அதே மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடச் சுலபமாக இருந்திருக்கும். மற்றக் கட்டங்களில் அவருக்கு எந்தப் பிடிவாதமும் கிடையாது. தெரியாத கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பது அந்த ஆபீசின் பழக்கம், அதனால் வெள்ளூரணியில் பாதிப் பேருக்கு இரத்த வகை புள்ளி, முக்கால்வாசிப் பேருக்குத் தொலைபேசி புள்ளி, ஒரு தெரு முழுக்கக் கதவு எண் புள்ளி. ஆனால் கணவர் கட்டத்தில், ஆம்பிளை மனு என்றால் புள்ளி வைப்பார், பொம்பளை மனு என்றால் மட்டும் வைக்க மாட்டார். ஆவுடைத்தங்கமே ஒரு தடவை கேட்டுவிட்டாள், எல்லாத்துக்கும் வைக்கிற புள்ளியை அங்கேயும் வையுங்க சார் என்று. பரமானந்தம் பதறிப்போனார்.

"எம்மா, அது மரியாதை இல்லம்மா. ஒரு பொம்பளைக்குப் புருஷன்னு சொல்லிப் புள்ளிய வைக்கவா? நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

ஆக, அவள் மேல் வைத்த மரியாதையினால் அவள் ஒன்பது வருடம் தெருக்குழாயில் குடம் தூக்கினாள்.

ஒன்பதாவது வருடம் விஷயம் முற்றிப்போனது. உணவுப் பாதுகாப்பு ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தது, மாவு அரைத்து விற்கிறவர்கள் ஜூலை முப்பத்தொன்றுக்குள் வீட்டில் சொந்தக் குழாய் இணைப்பு இருப்பதைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடையின் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று. லாரித் தண்ணீரும் தெருத் தண்ணீரும் கணக்கில் வராது. பத்தொன்பது வருடக் கடை. ஆவுடைத்தங்கம் அந்தத் தாளைக் கிரைண்டருக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தாள், தினமும் மாவு தெறித்து அதில் ஒவ்வோர் எழுத்தாக மறைந்துகொண்டு வந்தது, தேதி மட்டும் மறையவில்லை.

ஜூலை முதல் செவ்வாய், சந்தை நாள், ஒன்பதாவது மனு திரும்பி வந்தது. வெளியே வந்தவள் வெயிலுக்கு ஒதுங்கி ஆபீசின் சுவரோரம் நின்றாள். கடைவீதியைப் பார்த்த பக்கம் அந்தக் கட்டடத்துக்குப் பதினொரு ஜன்னல்கள், எல்லாம் பூப்போட்ட மங்கல் கண்ணாடி, உள்ளே வெளிச்சம் போகும், பார்வை போகாது. மூன்றாவது ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல், சும்மா எரிச்சலில், உள்ளே அப்படி என்னதான் கட்டம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஜன்னல் சொன்னது.

வாயால் இல்லை. குளிர்ந்த தம்ளரில் ஈரம் பூப்பது போலக் கண்ணாடியில் எழுத்துப் பூத்தது. குடிநீர் இணைப்பு மனு என்று மேலே, கீழே வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக அதன் பெயர், அதில் எழுத்து வருமா எண் வருமா தேதி வருமா, எத்தனை எழுத்து வரை கொள்ளும், காலியாக விடலாமா கூடாதா. ஆவுடைத்தங்கம் விரலை வைத்துக் கீழே இறங்கினாள். மனுதாரர் பெயர், காலியாக விடக்கூடாது. கதவு எண், காலியாக விடக்கூடாது. பதினான்கு: கணவர் பெயர், எழுத்து, அறுபது வரை, காலியாக விடலாம்.

மூன்று முறை படித்தாள். பிறகு எதிரே டீக்கடை பீர் பாயைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னாள். அவர் கையில் வடிகட்டியோடு வந்து, ஜன்னலையும் அவளையும் பார்த்து, இப்பத்தான் கண்ணாடியத் துடைச்சிருக்காவ போல, முன்னமே துடைச்சிருந்தா உனக்கு இவ்வளவு அலைச்சல் இல்லையே தாயி என்று வருத்தப்பட்டு, பால் பொங்குகிற சத்தம் கேட்டு ஓடிப்போனார்.

அன்றைக்குச் சந்தைக்கு வந்தவர்கள் தக்காளி வாங்கிவிட்டு ஜன்னலையும் கேட்டுவிட்டுப் போனார்கள். புதன்கிழமை கூட்டம் அதிகம், வியாழக்கிழமை வரிசை, வெள்ளிக்கிழமை வரிசைக்குப் பந்தல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு காரியம் என்பது பழகப் பழகத் தெரிந்தது: முதல் ஜன்னல் பிறப்பு இறப்பு, இரண்டாவது வீட்டுவரி, மூன்றாவது தண்ணீர், நாலாவது கல்யாணப் பதிவு, எட்டாவது நாய் உரிமம். பதினோராவது ஜன்னல் வேறு எதையும் பேசாது, எந்தெந்த ஜன்னல் எதைப் பேசும் என்பதை மட்டும் சொல்லும், அந்தப் பட்டியலில் கடைசியில் தன் பெயரையும் அடக்கமாகச் சேர்த்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுக்கொண்டு பிறகு தங்கள் ஜன்னலுக்கு நடப்பது என்று ஒரு முறை ஏற்பட்டது. கேட்கிற விதமும் முக்கியம். எல்லாத்தையும் சொல்லு என்றால் எல்லாத்தையும் சொல்லும், கழுத்து வலிக்கும், பின்னால் நிற்பவர் திட்டுவார். காலியாக விடக்கூடாதது எதெது, தேதி கேட்கிற கட்டம் எத்தனை என்று வரையறுத்துக் கேட்டால் நறுக்கென்று சொல்லும். வெற்றிலைக் கடை மூக்கம்மாள் இந்த நறுக்கில் இவ்வளவு தேர்ந்துபோனாள், பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் வந்து அவளிடம் கேள்வியைச் சீர்செய்துகொண்டு போனார்கள்.

ஜன்னல் கட்டத்தைச் சொல்லுமே தவிர, கட்டத்துக்குள்ளே இருப்பதைச் சொல்லாது. மேலத்தெரு சங்கரபாண்டிக்கு எத்தனை வீடு என்று ஒருவர் கேட்டார், கண்ணாடி முழுக்க மூட்டம் போட்டுக்கொண்டது, அரை மணி நேரம் யாருக்கும் பதில் இல்லை, வரிசையில் நின்றவர்கள் அவரை அடிக்காத குறை. இல்லாத கட்டத்தைக் கேட்டால் நேர் எதிர்: கண்ணாடி பூவெல்லாம் கரைந்து பளிங்காகத் தெளிந்துவிடும், உள்ளே இருக்கிற ஆபீஸ் அப்படியே தெரியும். ஆவுடைத்தங்கம் ஒருநாள் கேட்டாள், ஆம்பிளை மனு கொடுத்தால் மனைவி பெயர் கேட்கிற கட்டம் எது என்று. கண்ணாடி தெளிந்தது. உள்ளே பரமானந்தம் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள், கண்ணாடி ஒவ்வொரு முறையும் தெளிந்தது, பரமானந்தம் அன்றைக்கு மட்டும் முப்பத்தேழு பேர் பார்க்கச் சாப்பிட்டார்.

ஊர் இதையெல்லாம் சுவாசம் மாதிரி எடுத்துக்கொண்டது. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றிப் பேச்செடுக்க, பெண்ணின் அத்தை, அது காலியாக விடலாமா கூடாதா, அதை முதலில் சொல்லுங்க என்று கேட்டு, அவர்கள் திருதிருவென்று விழித்து, கடைசியில் விடலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். தாயின் பெயருக்கு இருபது எழுத்து, நாயின் நிறத்துக்கு நாற்பது எழுத்து என்று முதல் ஜன்னலையும் எட்டாவது ஜன்னலையும் ஒப்பிட்டுப் பார்த்த கல்லூரிப் பெண்கள் இரண்டு நாள் கொதித்தார்கள், மூன்றாம் நாள் இருபது எழுத்துக்குள் அடங்காத தாய்மார்களின் பெயர்களைப் பெரிய தட்டியில் முழுசாக எழுதி எட்டாவது ஜன்னலுக்குக் கீழே சாத்தினார்கள். வீட்டுவரியில் மயில் எண்ணிக்கை என்றொரு கட்டம் இருந்தது, எண், காலியாக விடலாம், ஏன் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, இத்தனை வருடம் ஒருவரும் நிரப்பியதில்லை. இப்போது தெரிந்துவிட்டதால் ஊரில் அவனவன் விடியற்காலையில் மொட்டை மாடியில் நின்று மயில் எண்ணினான். எனக்கு நாலு, உனக்கு எத்தனை என்று டீக்கடையில் பேச்சு. அடுத்த வீட்டு மாடியில் இறங்குகிற மயிலைத் தன் கணக்கில் சேர்த்ததற்காக இரண்டு பேர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆனால் சுவரில் ஒட்டிய தாளின் தேதி அப்படியேதான் இருந்தது. ஆவுடைத்தங்கம் ஜன்னல் சொன்னதை ஒரு நோட்டில் அப்படியே எழுதி எடுத்துக்கொண்டு பரமானந்தத்தின் முன்னால் போய் நின்றாள். அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னல் சொல்வது தனக்கு உத்தரவு ஆகாது, அச்சடித்த மனுவில் நட்சத்திரம் இருக்கிறது, தனக்கு மனுதான் வேதம் என்றார். அவள் நியாயமாகத்தான் கேட்டாள்: சார், அந்தக் கட்டத்தைக் காலியா விட்டு, பொத்தானை ஒரு தடவை அமுக்கிப் பாருங்க, கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொல்லட்டும், நான் இப்படியே எந்திரிச்சுப் போயிடுதேன்.

பரமானந்தம் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஏத்துக்கிட்டா?"

"ஏத்துக்கிட்டா நல்லதுதான சார்."

"உனக்கு நல்லதும்மா. நான் பத்துப் பதினோரு வருசமா திருப்பி அனுப்பினவங்கள என்ன செய்ய? அவங்க மொகத்த எங்க போயிப் பாக்க?"

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, இந்த மனுஷன் கம்ப்யூட்டர் மறுக்கும் என்று பயப்படவில்லை, மறுக்காது என்று பயப்படுகிறார். ஒரு விநாடி பாவமாக இருந்தது. அடுத்த விநாடி தெருக்குழாயின் நினைவு வந்தது, பாவம் போய்விட்டது.

ஆணையர் ஹரிஹரசுதன் ஊருக்குப் புதியவர், ஒழுங்கு பிடித்தவர். ஆபீசின் கட்டங்களை ஆபீசின் சுவரே வெளியே சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. பதினொரு ஜன்னலுக்கும் வெள்ளையடிக்கச் சொன்னார். காய்ந்ததும் எழுத்து வெள்ளைக்கு மேலே வந்தது, முன்னைவிடத் தெளிவாக, பார்வை மங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு, ஜன்னலின் பதில் சான்றொப்பம் இல்லாமல் செல்லாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை ஒரு நாற்காலியும் பச்சை மையும் கொண்டுவந்து மூன்றாவது ஜன்னலருகே உட்கார்ந்து, மக்கள் எழுதிய நகலை ஜன்னலோடு ஒப்பிட்டு, உண்மை நகல் என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். கடைசியில் ஆணையரே இறங்கி வந்து ஜன்னலைக் கேட்டார். அவருக்கு அது நாலே நாலு கட்டத்தைக் காட்டியது. அவர் ஆடிப்போனார். ஆணையருக்கு நாலா?

இதுவும் ஜன்னலின் ஒரு குணம். கேட்கிறவர் அந்த ஆபீசில் எந்த அறைக்குள் போய் வருகிறாரோ, எதில் கை வைக்கிறாரோ, அந்த அளவுக்குத்தான் அவருக்குச் சொல்லும். மனு கொடுப்பவர்களுக்கு அவர்கள் நிரப்புகிற இருபத்துமூன்று கட்டம். பரமானந்தத்துக்கு அவர் பிரிவு. ஆணையர் தன் அறையை விட்டு எங்கேயும் போனதில்லை, தனக்கு வருகிற தாளில் நாலு இடத்தில் கையெழுத்துப் போடுவார், ஆகவே நாலு. அந்தக் கட்டடத்தின் அத்தனை அறைக்கும் சாவி வைத்திருந்தது ஓர் ஆள்தான், காலையில் எல்லாக் கதவையும் திறந்து கூட்டித் துடைக்கிற சுடலி. அவள் மூன்றாவது ஜன்னலைக் கடக்கும்போது சும்மா கேட்டுவைத்தாள், கண்ணாடி விளிம்பு வரைக்கும் எழுத்து நிரம்பி, சட்டத்தின் மேலும் ஏறியது.

சுடலி அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், அதனால் எதையும் தாண்ட மாட்டாள். துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், முப்பத்தொன்றாவது கட்டத்தில் நின்று, நேராக மாவுக்கடைக்கு வந்தாள்.

"யக்கா, ஒங்க மனுவுல ஆபீசுக்காரவ எழுத வேண்டிய கட்டம் ஒண்ணு இருக்குக்கா. மறுத்த காரணம்னு போட்டிருக்கு. ரெண்டாயிரம் எழுத்து கொள்ளுமாம்."

"காலியா விடலாமா?"

"விடக்கூடாது."

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆவுடைத்தங்கம் அதை நிறுத்தினாள்.

"இன்னும் இருக்குக்கா. அந்தக் கட்டத்துக்கு அடியில பொடி எழுத்துல, மனு குடுத்தவங்க கேட்டா ஏழு நாளைக்குள்ள எழுத்துல குடுக்கணும்னு இருக்கு. நான் ரெண்டு தடவ படிச்சுட்டேன்."

"ஏட்டி, நீ ஒருத்திதான் அந்த ஆபீசுலயே வேல பாக்க" என்றாள் ஆவுடைத்தங்கம், அவளுக்கு இரண்டு பாக்கெட் மாவு கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி, அவள் வைத்தே தீருவேன் என்று சொல்லி, அந்தச் சண்டையில் ஐந்து நிமிடம் போனது.

ஜூலை இருபத்தொன்றாம் தேதி அவள் கொடுத்தது இணைப்பு கேட்கிற மனு இல்லை. அரைப் பக்கத் தாள். என் ஒன்பது மனுக்களும் மறுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்றாவது கட்டத்தில் என்ன காரணம் எழுதப்பட்டுள்ளது என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். இப்படிக்கு, பெயர், கதவு எண், தேதி. பரமானந்தம் அதை இரண்டு கையாலும் வாங்கினார், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை, திருப்பிக் கொடுக்க அதில் நட்சத்திரம் ஏதும் இல்லை. ரசீது எழுதிக் கொடுத்தார்.

"தங்கம்மா" என்றார், ஒன்பது வருடத்தில் முதல் தடவை பெயர் சொல்லி. "அந்தக் கட்டத்துல நான் புள்ளிதான் வச்சிருக்கேன்."

"ஒன்பதுலயுமா?"

"ஒன்பதுலயும்."

எனக்குப் புருஷன்னு புள்ளி வைக்க மனசு வரலை, காரணம்னு வைக்க மட்டும் வந்துச்சா சார் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். ஆனால் வெளியே வந்து பீர் பாயிடம் சொன்னாள், பாய் வரிசையிடம் சொன்னார், வரிசை ஊரிடம் சொன்னது.

மறுநாள் காலை ஆணையரின் ஜீப் வந்து நின்ற இடத்தில், ஆபீஸ் வாசலில், சாணம் தெளித்த தரையில் ஒன்பது புள்ளி இருந்தது. மூன்றுக்கு மூன்று, அரிசி மாவு, அளந்து வைத்த மாதிரி. கோலம் இல்லை, வெறும் புள்ளி. கோடு போடாமல் நிறுத்தியிருந்தார்கள். யார் வைத்தது என்று கேட்டதற்குச் சுடலி, தான் கூட்டிவிட்டுப் போகும்போது இல்லை, திரும்பி வந்தபோது இருந்தது என்றாள், இரண்டுமே உண்மை. அதற்கு மறுநாள் பக்கத்தில் நாலு புள்ளி, அது மூன்றாம் தெரு பேச்சியம்மாளுடையது, கணவன் விட்டுப் போனவள், நாலு முறை மனு கொடுத்தவள். ஏழு புள்ளி, ஜெபராணி டீச்சருடையது. இரண்டு புள்ளி, ஒற்றைப் புள்ளி, பதினொரு புள்ளி. இருபத்தைந்தாம் தேதி ஆபீஸ் வாசலில் கால் வைக்க இடமில்லை, ஊழியர்கள் விளையாட்டுப் பிள்ளைகள் மாதிரி புள்ளிகளுக்கு இடையில் நொண்டியடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். எல்லாப் புள்ளியும் கோட்டுக்குக் காத்திருந்தது. எல்லாரும் ஆவுடைத்தங்கத்துக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு வருவதுதான் தங்களுக்கும் வரும் என்று.

பதில் எழுதுவது சுலபமாக இல்லை. ஆணையர் முதலில், கணவர் பெயர் இல்லாமை என்று எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தால் எதிரே ஜன்னல், அதில் வெளியே வரிசை கேட்டதற்குப் பூத்த எழுத்து, உள்ளிருந்து திருப்பிப் படித்தாலும் காலியாக விடலாம் என்று இருந்தது. காலியாக விடலாம் என்றிருப்பதைக் காலியாக விட்டதற்காக மறுத்தேன் என்று கையெழுத்துப் போட அவருக்குக் கை வரவில்லை. கிழித்தார். இரண்டாவதாக, தொழில்நுட்பக் கோளாறு என்று எழுதினார். அப்படி எழுதினால் என்ன கோளாறு, எந்தத் தேதியில், யார் சரிசெய்தது என்று தலைநகரத்திலிருந்து மூன்று கேள்வி வரும் என்று கண்காணிப்பாளர் நினைவுபடுத்தினார். கிழித்தார். மூன்றாவதாக, அந்த நட்சத்திரம் எங்கிருந்துதான் வந்தது என்று பழைய மனுக்களை வருட வாரியாக எடுத்து மேசையில் பரப்பச் சொன்னார்.

பதினாறு வருடத்துக்கு முந்தைய முதல் மனுவில் நட்சத்திரமே இல்லை. அதிலிருந்து எடுத்த முதல் ஜெராக்ஸில் கணவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருண்டைக் கறுப்பு. அதிலிருந்து எடுத்த ஜெராக்ஸில் அந்தக் கறுப்புக்கு ஒரு வால். நகலின் நகலில் வால் இரண்டாகி, மூன்றாகி, ஆறாவது வருடம் ஐந்து முனையும் முளைத்து அது ஒரு முழு நட்சத்திரமாக ஆகிவிட்டது, யாரோ அச்சகத்தில் அதை நட்சத்திரம் என்றே நம்பி அழகாக அச்சுக் கோத்துவிட்டார்கள். முதல் ஜெராக்ஸ் எடுத்த நாள் யார் பொறுப்பு என்று ஆணையர் கேட்டார். பரமானந்தம் கையைத் தூக்கினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தது சார் என்றார். ஜெராக்ஸ் இயந்திரத்தைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார்கள், ஓரத்தில், பதினாறு வருடமாக ஒட்டிக்கொண்டு, ஒரு கடுகு இருந்தது. எலுமிச்சைச் சாதத்துக் கடுகு. பரமானந்தம் அதை நகத்தால் பெயர்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மறுத்த காரணம், கடுகு என்று அரசாங்கக் கடிதத்தில் எழுத முடியுமா என்று கண்காணிப்பாளர் கேட்டார், ஆணையர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

கடுகு செய்தி டீக்கடைக்கு வந்தபோது ஊர் சிரித்துச் சிரித்துச் சாய்ந்தது. ஆவுடைத்தங்கமும் சிரித்தாள். பிறகு சொன்னாள், கடுகு ஒரு தடவைதான விழுந்துச்சு பாய், மத்ததெல்லாம் மனுசங்க செஞ்சது. ஒரு கடுகு வந்து புருஷன் வேணும்னு சொன்னா, ஏன்னு கேக்காம அப்படித்தான் இருக்கும்னு நம்புறதுக்கு ஊரே தயாரா இருந்துச்சு பாத்தீங்களா. அதே கடுகு இரத்த வகை பக்கத்துல விழுந்திருந்தா அன்னைக்கே அழிச்சிருப்பாவ. பீர் பாய் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஆமா தாயி, நானும் நம்பினேன் என்றார், அதற்குப் பிறகு யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

இருபத்தெட்டாம் தேதி, ஏழாவது நாள், காலை பத்தே கால். பரமானந்தம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஆவுடைத்தங்கத்தின் ஒன்பதாவது மனுவின் ஆபீஸ் நகலை மறுபடி எடுத்து, பதின்மூன்று கட்டம் நிரப்பி, பதினான்காவதைத் தொடாமல் தாண்டி, இருபத்துமூன்று வரை போய், கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். எதுவும் ஆகவில்லை. கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, ஏற்கப்பட்டது என்று ஒரு வரி காட்டிவிட்டு அடுத்த மனுவுக்குக் காத்திருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது அவருக்குத் தாங்கவில்லை. வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஆணையர் கையெழுத்திட்ட உறையை எடுத்துக்கொண்டு, தபாலில் போடாமல் தானே சைக்கிளில் கிளம்பினார். வாசலில் புள்ளிகளை மிதிக்காமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனார். பார்த்தவர்கள் பின்னாலேயே நடந்தார்கள். வரிசை முழுக்க ஜன்னல்களை விட்டுவிட்டு வந்தது, சுடலி சாவிக்கொத்து குலுங்க வந்தாள், தலைமையாசிரியை பச்சைப் பேனாவை மூடாமலே வந்தார்.

மாவுக்கடை வாசலில் பரமானந்தம் செருப்பைக் கழற்றினார். வேண்டாம் சார், கடைதான் என்றாள் ஆவுடைத்தங்கம். அவர் கேட்கவில்லை. உறையை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே இரண்டு தாள். மேலே இருந்தது இணைப்பு ஆணை, முப்பதாம் தேதி குழாய் போட ஆள் வரும் என்று. கூட்டம் அதைப் பார்த்துவிட்டுக் குலவை போடத் தொடங்கியது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். ஆணையை மடித்துக் கிரைண்டர் மேல் வைத்து, மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தான் கேட்டிருந்த தாளை விரித்தாள்.

"வாசிங்க சார்" என்றாள். "நீங்களே வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

பரமானந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார், பிறகு துடைக்காமலே மாட்டிக்கொண்டார். தெருவே நின்று கேட்கிற மாதிரி, சொல்லுக்குச் சொல் நிறுத்தி வாசித்தார்:

"பார்வையில் கண்ட தங்கள் ஒன்பது மனுக்களும் மறுக்கப்பட்டதற்குக் காரணம் எதுவும் இல்லை."